மதராஸ், கலிப்போலி, டப்ளின்: ஓர் ஐரிஷ் சிப்பாயின் கடிதங்கள் போன வழி

உங்கள் நாவலின் நாயகனுக்கு இருபது வயது. 1913-ல் டப்ளினிலிருந்து புறப்பட்டு, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் ரெஜிமென்டான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் முதல் பட்டாலியனில் சேர மதராஸுக்கு வருகிறான். முதல் உலகப்போர் மூண்டபின் துருக்கியின் கலிப்போலி தீபகற்பம், அதன்பின் பிரான்ஸ். தாய் டப்ளினில், பாட்டியும் மாமாவும் கால்வே கடற்கரைக் கிராமத்தில். அவன் எப்படிக் கடிதம் போட்டிருப்பான், எத்தனை நாளில் போய்ச் சேரும், எதை எழுத விட்டிருப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டில் இருந்தவர்களுக்கு எந்தத் தேதியில் என்ன தெரிந்திருக்கும்? கதை எழுதுகிறவருக்கு இதுதான் முக்கியம் என்பேன். கடிதம் அவன் உயிரோடு இருப்பதைச் சொல்வதில்லை. எழுதிய தேதியில் உயிரோடு இருந்தான் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு, ஏன் என்பதை இடம் இடமாகச் சொல்கிறேன்.

பட்டாலியனைச் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் பிறந்ததே தமிழ் மண்ணில்தான். 1748-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்திய கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைதான் பின்னாளில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881 சீரமைப்பில் டப்ளின் பெயரைப் பெற்றது. மவுண்ட் ரோட்டில் நின்று, 1927 சத்தியாகிரகத்துக்குக் காரணமாகி, 1937-ல் ராஜாஜி அமைச்சரவை காலத்தில் அகற்றப்பட்ட நீல் சிலை இந்தப் படையின் தளபதியுடையது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது இந்தப் பட்டாலியன் மதராஸில்தான் இருந்தது. அந்த டிசம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் போய் இறங்கியது.

மதராஸ் நாட்களில் கடிதம் சாதாரண அஞ்சலில் போகும். 1898 முதல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஒரு கடிதத்துக்கு ஓர் அணா. அன்றைய நாணய மாற்றில் ஓர் அணா கிட்டத்தட்ட ஒரு பென்னி. சிப்பாயின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. ஆகவே வாரம் ஒரு கடிதம் அவனுக்குப் பெரிய செலவில்லை. மதராஸிலிருந்து ரயிலில் பம்பாய், அங்கிருந்து வாரம் ஒரு முறை புறப்படும் தபால் கப்பல், பிறகு லண்டன், டப்ளின். மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு இன்னொரு மூன்று வாரம். அமைதிக் காலத்தில் அவன் கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. கதைக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது: 1914 ஜூலை நடுவில் தாய் எழுதிய சாதாரணமான, ஊர்க்கதை நிரம்பிய கடிதம், பிரிட்டன் போர் அறிவித்த ஆகஸ்ட் 4-ஐ ஒட்டித்தான் அவன் கைக்கு வரும்.

1915-ன் முதல் சில வாரங்கள் பட்டாலியன் இங்கிலாந்துக்குள் இருந்தது. அப்போது அவன் கடிதத்துக்கு ஒரு பென்னி தபால்தலை ஒட்டியாக வேண்டும். இலவச அஞ்சல் களத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே. மார்ச்சில் ஏவன்மத் துறைமுகத்தில் கப்பலேறி, அலெக்சாண்ட்ரியா வழியாக லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகம் சென்றபின் தபால்தலை தேவையில்லை. உறையின் மேல் மூலையில் 'களப்பணியில்' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை எழுதினால் போதும். பலர் 'ஓ.ஏ.எஸ்.' என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து எழுதும் உறையில் தலை இருக்க வேண்டும், கலிப்போலியிலிருந்து எழுதும் உறையில் இருக்கக் கூடாது.

இனி தணிக்கை. பலரும் இதை எங்கோ ஓர் அலுவலகத்தில் முகம் தெரியாத அதிகாரி செய்ததாக நினைக்கிறார்கள். சிப்பாயின் கடிதத்தை முதலில் படித்தவர் அவனுடைய சொந்தக் கம்பெனியின் இளம் அதிகாரி, நேற்று அவனோடு பதுங்குகுழியில் நின்றவர். சிப்பாய் உறையை ஒட்டாமல் கொடுப்பான். அதிகாரி படித்து, கூடாததை அடித்துவிட்டு, உறையை ஒட்டி, கீழ் மூலையில் கையெழுத்திடுவார். பிறகு எண் கொண்ட தணிக்கை முத்திரை விழும். முத்திரையின் வடிவத்தைப் போரின் போக்கில் பலமுறை மாற்றினார்கள். பழைய உறைகளைச் சேகரிப்பவர்கள் அதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். அதிகாரிகள் தங்கள் சொந்தக் கடிதங்களுக்குத் தாங்களே கையெழுத்திட்டுக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து அதிகாரி எழுதியதும் சிப்பாய் எழுதியதும் ஏன் அவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஊர்ப்பெயர், படையின் பெயர்ச்சி, பலம், இழப்பு, வரப்போகும் தாக்குதல், மற்றவர்களின் மனநிலை ஆகியவை எழுதக் கூடாதவை. எழுதினால் அடிப்பார்கள், அல்லது அந்தப் பகுதியைக் கத்தரிப்பார்கள். ஆனால் தாயின் கைக்கு வரும் கடிதங்களில் அடித்தல்கள் குறைவாகவே இருந்தன, ஏனென்றால் எதை எழுதக் கூடாது என்று சிப்பாய்க்கே தெரியும். அதோடு, தன் அதிகாரி படிப்பார் என்று தெரிந்து ஒருவன் காதலையோ பயத்தையோ அதிகாரி மீதான கசப்பையோ எழுத மாட்டான். அதனால்தான் இந்தக் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரிகின்றன: நான் நலம், கடவுளுக்கு நன்றி, நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பார்சல் வந்தது, இன்னாரைப் பார்த்தேன், வானிலை மோசம், எனக்காக ஜெபியுங்கள். நம் தாத்தாக்களின் இன்லண்டு கடிதங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதைப் போன்ற சடங்கு அது. உங்கள் நாயகன் முதல் கடிதத்திலேயே போரின் கொடுமையைப் பக்கம் பக்கமாக எழுதினால், அந்தக் காலக் கடிதங்களை வாசித்தவர்கள் நம்ப மாட்டார்கள். சண்டை முடிந்து மருத்துவமனைக்கு வந்தபின் மனம் திறந்து எழுதியவர்கள் உண்டு. விடுப்பில் ஊருக்குப் போகும் நண்பனிடம் கடிதத்தைக் கொடுத்து இங்கிலாந்தில் பெட்டியில் போடச் சொன்னவர்களும் உண்டு. அது விதிமீறல், ஆனாலும் நடந்தது.

எழுத நேரமில்லாதபோது கை கொடுத்தது அச்சடித்த கள அஞ்சலட்டை. படிவ எண் ஏ 2042. அதில் வாக்கியங்கள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும்: நான் முழு நலம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன், நோயுற்று, காயமுற்று, தேறி வருகிறேன், பின்தளத்துக்கு அனுப்பப்படுகிறேன், உங்கள் கடிதம், தந்தி, பார்சல் கிடைத்தது, விரைவில் கடிதம் எழுதுவேன், உங்களிடமிருந்து நெடுநாளாகக் கடிதம் இல்லை. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். தேதி, கையெழுத்து தவிர ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே அச்சிட்டிருந்தது. இதிலும் வழி கண்டுபிடித்தார்கள். 'பின்தளத்துக்கு அனுப்பப்படுகிறேன்' என்ற வரியை இரட்டைக் கோட்டால் அடித்தால் தான் முன்னணியில் இருப்பதாகப் பொருள் என்று தாயோடு பேசிவைத்திருந்த அதிகாரி ஒருவரின் அட்டைகள் இன்றும் இருக்கின்றன. பெரிய தாக்குதலுக்குப் பிறகு பிழைத்தவர்கள் முதலில் அனுப்பியது பெரும்பாலும் இந்த அட்டையைத்தான். 1916 ஜூலை 1-ல் பிரான்சில் சோம் போர் தொடங்கியபோது உங்கள் பட்டாலியன் போமோன் ஹாமெல் அருகே இருந்தது. அந்த வாரம் டப்ளின் வீடுகள் காத்திருந்தது 'நான் முழு நலம்' என்ற ஒற்றை வரி அடிபடாமல் வரும் அட்டைக்காகத்தான்.

1915-ல் பச்சை உறை என்ற சலுகை வந்தது. உள்ளே இருப்பது சொந்த, குடும்ப விஷயம் மட்டுமே என்று மானத்தின் பேரில் உறுதியளித்து வெளியே கையெழுத்திட்டால், கம்பெனி அதிகாரி படிக்க மாட்டார். பின்தளத்தில் மட்டும் பிரித்துப் பார்க்கலாம். அளவாகத்தான் கொடுத்தார்கள், அதனால் சிப்பாய்களிடையே அதற்கு மதிப்பு அதிகம். உங்கள் நாயகன் 1916 மார்ச்சில் பிரான்ஸ் வந்தபிறகு இதைப் பயன்படுத்தச் செய்யுங்கள். அவனுக்கு ஒரு காதலி இருந்தால், அவளுக்கு எழுதும் கடிதத்துக்கு இதுதான் பொருத்தமான உறை.

வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்கு முகவரியில் ஊர் கிடையாது. படை எண், பதவி, பெயர், கம்பெனியின் எழுத்து, பட்டாலியன், ரெஜிமென்ட், கடைசியில் எந்தப் படை என்ற குறிப்பு: கலிப்போலி என்றால் மத்தியதரைப் படை, பிரான்ஸ் என்றால் பிரிட்டிஷ் களப்படை. பட்டாலியன் எண்ணை எழுத மறந்தால் கடிதம் அலையும். ஒரே ரெஜிமென்டில் ஒரே பெயரில் பல மர்ஃபிகளும் கெல்லிகளும் இருந்தார்கள், படை எண்தான் ஆளை அடையாளம் காட்டியது. டப்ளினில் போட்ட கடிதம் கிங்ஸ்டவுன் துறையிலிருந்து தபால் கப்பலில் ஹோலிஹெட், அங்கிருந்து ரயிலில் லண்டன். ரீஜண்ட் பூங்காவில் ஐந்து ஏக்கர் பரப்பில் மரத்தால் எழுப்பிய ராணுவ அஞ்சல் கிடங்கில் பெரும்பாலும் பெண்களே கடிதங்களைப் பட்டாலியன் வாரியாகப் பிரித்தார்கள். உச்சத்தில் வாரம் ஒரு கோடியே இருபது லட்சம் கடிதங்கள் அங்கே வந்தன. எந்தப் படை எங்கே இருக்கிறது என்ற ரகசியப் பட்டியல் அந்தக் கிடங்குக்குத்தான் வரும், தாய்க்கு அல்ல. பிரான்சில் ரயில் முனை வரை மூட்டை போகும், பிறகு லாரி, கடைசியில் இரவில் ரேஷனோடு சேர்ந்து பதுங்குகுழிக்கு. லண்டனிலிருந்து முன்னணிக்கு இரண்டு மூன்று நாளில் கடிதம் போன காலம் உண்டு. அயர்லாந்துக்கு ஒன்றிரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், மேற்கு கால்வே கிராமத்துக்கு இன்னும் ஒரு நாள். பெரிய தாக்குதலுக்கு முன் அஞ்சலை நிறுத்திவைத்தால் இந்தக் கணக்கெல்லாம் குலையும். அந்தத் தபால் கப்பல் பாதையும் பத்திரமானதல்ல. 1918 அக்டோபர் 10 அன்று கிங்ஸ்டவுனிலிருந்து புறப்பட்ட லெய்ன்ஸ்டர் என்ற தபால் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலுக்குள்ளேயே கடிதம் பிரித்துக்கொண்டிருந்த 22 அஞ்சல் ஊழியர்களில் பிழைத்தவர் ஒருவர்தான்.

கலிப்போலி வேறு கதை. லண்டனுக்கும் தீபகற்பத்துக்கும் இடையே அலெக்சாண்ட்ரியாவும் முத்ரோஸும் இருந்ததால் இரண்டு மூன்று வாரம் ஆகும். 1915 ஏப்ரல் 25 அன்று, 'வி' என்று குறிப்பெயரிட்ட கலிப்போலிக் கடற்கரையில் டப்ளின் படையினர் பெரும்பாலும் இழுத்துச் செல்லப்பட்ட படகுகளிலும், மற்றவர்கள் இன்னோர் ஐரிஷ் ரெஜிமென்டான மன்ஸ்டர் படையினரோடு ரிவர் கிளைட் என்ற கப்பலிலும் கரைக்குப் போனார்கள். பட்டாலியன் தளபதியும், உடன் சென்ற கத்தோலிக்கக் குரு வில்லியம் ஃபின்னும் அங்கேயே இறந்தார்கள். ஐந்து நாளில் இரண்டு பட்டாலியன்களிலும் எஞ்சியவர்களை ஒன்றாக்கி ஒரே பட்டாலியனாக்க வேண்டியதாயிற்று. சிப்பாய்கள் அதை 'டப்ஸ்டர்ஸ்' என்றார்கள். இப்போது தாயின் பக்கம் வாருங்கள். அவன் ஏப்ரல் 23 அன்று கப்பலில் உற்சாகமாக எழுதிய கடிதம் மே நடுவில் அவள் கைக்கு வருகிறது. அதற்குள் தரையிறக்கம் பற்றிய செய்தி நாளிதழில் வந்துவிட்டது. இறந்த அதிகாரிகளின் பெயர்களும் வரத் தொடங்கிவிட்டன. சிப்பாய்களின் பெயர்கள் வர இன்னும் பல நாளாகும். மகனின் கையெழுத்தைப் பார்த்து முதலில் நிம்மதி, பிறகு மேலே உள்ள தேதி. உங்கள் நாவலின் மையக் காட்சி இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு எதையும் புனைய வேண்டியதில்லை, அஞ்சல் கணக்கே காட்சியை எழுதிக்கொடுக்கிறது.

இறப்புச் செய்தியில் திரைப்படங்கள் செய்யும் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். தந்தி போனது அதிகாரிகளின் வீட்டுக்கு. சாதாரணச் சிப்பாயின் தாய்க்கு வந்தது அஞ்சலில் ஒரு படிவம், எண் பி 104-82. 'போர் அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கையைத் தங்களுக்குத் தெரிவிப்பது என் வேதனையான கடமை' என்ற பொருளில் அச்சடித்து, பெயரும் தேதியும் கையால் நிரப்பியது. காணாமல்போனவனுக்கு வேறு படிவம், மருத்துவமனைக்கு வேறு. இந்தப் படிவம் வருமுன்பே அவள் எழுதிய கடிதம் உறையின் மேல் குறிப்போடு திரும்பி வந்த துயரமும் நடந்திருக்கிறது. அதைத் தவிர்க்க விதி இருந்தும் குழப்பத்தில் தவறியது. உண்மையில் எப்படி இறந்தான் என்று சொன்னது படிவமல்ல, கம்பெனி அதிகாரியோ படையோடு இருந்த குருவோ எழுதிய கடிதம். மன்ஸ்டர் படையின் இரண்டாம் பட்டாலியனில் இருந்த குரு ஃபிரான்சிஸ் கிளீசன் குடும்பங்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்து டப்ளின் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவை 'வலியில்லாமல், உடனே இறந்தான், சாவதற்கு முன் திருவருட்சாதனங்களைப் பெற்றிருந்தான்' என்றே சொல்லும். இரண்டாவது பாதி பலமுறை உண்மை. முதல் பாதியை ஆறுதலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணமும் ஒரு தொடர்புதான். சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாய்க்கு ஒதுக்கினால், அரசு அதோடு சேர்த்து வாரந்தோறும் அஞ்சலகம் வழியாகக் கொடுத்தது. மனைவிக்கு என்றால் 1914 இறுதியில் வாரம் 12 ஷில்லிங் 6 பென்னி, அதில் 3 ஷில்லிங் 6 பென்னி அவன் சம்பளத்திலிருந்து. டப்ளின் குடிசைப்பகுதிகளில் ஒழுங்காக வந்த ஒரே வருமானம் பல வீடுகளுக்கு இதுதான். அம்மா அனுப்பும் பார்சலில் கம்பளிக் காலுறை, சிகரெட், புகையிலை, சோப்பு, கேக், உள்ளூர் செய்தித்தாள், ஜெபமாலை, உத்தரியம், திரு இருதயப் பதக்கம். செய்தித்தாளை மறந்துவிடாதீர்கள், தாய் எழுதாத ஊர்ச்செய்தியெல்லாம் அதில்தான் அவனுக்குக் கிடைக்கும். கேக்கைத் தகர டப்பாவில் வைத்து, துணியால் சுற்றித் தைத்து அனுப்ப வேண்டும். அட்டைப்பெட்டியில் அனுப்பினால் மூட்டைகளின் கனத்தில் நொறுங்கி, சோப்பும் கேக்கும் ஒன்றாகிப் போய்ச் சேரும். பிரான்சிலிருந்து அவன் அனுப்புவது பெரும்பாலும் பட்டு நூலால் பூவேலை செய்த அஞ்சலட்டை. அதைப் பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

கால்வே பாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் வீட்டுமொழி ஐரிஷ். ஆனால் அரசுப் பள்ளிகள் எழுதக் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம். ஆகவே ஐரிஷில் மட்டும் பேசும் பாட்டிக்குப் பேரனின் கடிதம் வந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளையோ ஆசிரியரோ பங்குக்குருவோ ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்து அவளுக்கு ஐரிஷில் சொல்ல வேண்டும். பதிலும் அப்படியே தலைகீழாக. எனவே அந்தக் கடிதம் எழுதியவனுக்கும் பாட்டிக்கும் இடையில் குறைந்தது இரண்டு அந்நியர்கள், அங்கே அதிகாரி, இங்கே வாசிப்பவர். அவன் அவளுக்கு எதை எழுதுவான், எதை எழுதமாட்டான் என்பதை இது முடிவு செய்கிறது.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் எழுந்த ஐரிஷ் கிளர்ச்சியாளர்கள் தலைமையிடமாகப் பிடித்தது சாக்வில் தெருவின் தலைமை அஞ்சலகத்தை. அந்த வாரத்திலேயே அது எரிந்தது. டப்ளினிலிருந்து போகவேண்டிய அஞ்சல் தடைபட்டது. பிரான்சில் இருந்த ஐரிஷ் சிப்பாய்க்கு ஆங்கில நாளிதழ் வழியே தன் ஊர் எரிகிறது என்று தெரிகிறது, வீட்டிலிருந்து ஒரு வரி இல்லை. அதே வாரம் பிரான்சின் ஹல்லக்கில் 16-ஆம் ஐரிஷ் டிவிஷன் நச்சுவாயுத் தாக்குதலில் மடிந்துகொண்டிருந்தது. 'உங்கள் மனைவி மக்கள் மீது ஆங்கிலேயப் பீரங்கி சுடுகிறது' என்று ஜெர்மானியர்கள் எதிரே பலகை நட்டார்கள். உங்கள் பட்டாலியன் அந்த டிவிஷனில் இல்லை, சோம் பகுதியில் இருந்தது. பலகைக் காட்சியை அவனுக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் முதன்முறையாக, வீட்டிலிருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று களத்தில் இருப்பவன் காத்திருந்த வாரம் அது.

அந்த நிகழ்ச்சிக்குப்பின் சிப்பாய்களின் மனம் எப்படி மாறியது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கோபம், வருத்தம், அலட்சியம் மூன்றுக்கும் கடிதச் சான்று உண்டு, அதுவும் தணிக்கைக்குத் தப்பியவை மட்டும். இன்னொரு குறை பெரியது. மகன் அனுப்பியதைத் தாய் பெட்டியில் பூட்டிவைத்தாள். தாய் அனுப்பியதை மகனால் சேற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரையாடலின் ஒரு பாதி. 1922-ல் படையே கலைக்கப்பட்டு, சுதந்திர அயர்லாந்தில் அந்தச் சீருடை பெருமைக்குரியதாக இல்லாமல் போனபின், பெட்டிகளும் பரணுக்குப் போயின.

மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று இடங்கள். டப்ளின் நகர நூலக ஆவணக் காப்பகத்தில் மோனிகா ராபர்ட்ஸ் தொகுப்பு: பார்சல் அனுப்பிய ஒரு டப்ளின் பெண்ணுக்கு இந்த ரெஜிமென்டின் சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள். அவர்களுடைய எழுத்துப்பிழைகளும் நன்றி சொல்லும் முறையும் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1911 குடிக்கணக்கு இலவசம். ஒவ்வொருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாரா என்ற பத்திகள் அதில் உண்டு. பாட்டியின் கிராமத்தை அங்கே தேர்ந்தெடுங்கள். அதே காப்பகத்தில் போரில் இறந்த ஐரிஷ் சிப்பாய்களின் உயில்களும் உண்டு. சம்பளப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் 'என் சொத்து முழுவதும் என் தாய்க்கு' என்று எழுதியவை அதிகம். சிலவற்றில் முறையான உயில் இல்லாததால், அவன் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தையே தாய் போர் அலுவலகத்துக்குக் கொடுக்க நேர்ந்தது. சொத்து அவளுக்குக் கிடைத்தது. கடிதம் கோப்பிலேயே தங்கிவிட்டது.